காசில்லாத மாதங்களில் மாவை வைத்து வீட்டை ஓட்டியபோது தெரிந்துகொண்டவை

வீட்டில் சம்பாதிக்கிறவர் திடீரென்று படுத்துவிட்டால் நாம் முதலில் கை வைப்பது சாப்பாட்டுச் செலவில்தான். வாடகையைக் குறைக்க முடியாது, மருந்தைக் குறைக்க முடியாது, வாங்கின கடனுக்கு வட்டியைக் குறைக்க முடியாது. அடுப்படி ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் எல்லோரும் சொல்வது, "ராகி வாங்கிக் களி கிண்டு, கோதுமை வாங்கிச் சப்பாத்தி போடு, சமாளிச்சுடலாம்" என்பதுதான். சொல்வது சரிதான், சமாளித்தும்விட்டோம். ஆனால் எந்த மாவை எங்கே வாங்குவது, எதை எத்தனை நாள் வைப்பது, எதோடு சேர்த்துச் சாப்பிடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்வதற்குள் கையில் இருந்த கொஞ்ச நஞ்சக் காசும் போனது, பிள்ளைகளும் சிரமப்பட்டார்கள். அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது திருவாரூர் பக்கம். கல்யாணமாகி வந்தது கிருஷ்ணகிரிக்கு. மாமியார் நான் வருவதற்கு முன்பே தவறிவிட்டார், அதனால் இந்த ஊர்ச் சமையலைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. கணவர் டெம்போ டிரைவர். 2023 ஜூன் மாதம் குருபரப்பள்ளி அருகே வண்டி கவிழ்ந்து வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே பார்த்துக்கொள்ளும் திட்டம் இருந்ததால் அந்த இரண்டு நாள் தப்பித்தோம். அதற்குப் பிறகு வந்த மருந்து, ஆட்டோ, பிசியோதெரபி எல்லாம் கைக்காசு. வண்டி முதலாளி மூவாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் போனவர், அப்புறம் போனையே எடுக்கவில்லை. மாதம் பதினெட்டாயிரம் வந்துகொண்டிருந்த வீட்டில் நான் ஜாக்கெட் தைத்து வருகிற மூவாயிரம் மட்டும் மிஞ்சியது. தோட்டை அடகு வைத்தேன். வாடகை, கரண்ட், மருந்து போக நான்கு பேர் சாப்பாட்டுக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒதுக்க முடியவில்லை. அதற்கு முன்பு மளிகை, காய், பால், கடையில் வாங்கும் இட்லி மாவு எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரம் செலவாகிக்கொண்டிருந்தது.

பொன்னி அரிசி மூட்டையை நிறுத்திவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறியது பெரிய கஷ்டமாக இல்லை. அது விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஆனால் மூன்று வேளையும் அதே சோறு என்றால் தொட்டுக்கொள்ளக் குழம்பும் காயும் வேண்டுமே. அந்த ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது பலருக்கும் ஞாபகம் இருக்கும். தக்காளிக்குப் பேர்போன ராயக்கோட்டை பக்கத்திலேயே இருந்தும் எங்களால் வாங்க முடியவில்லை. காலை டிபனுக்கு என்ன செய்வது என்பது தினமும் தலைவலி. அப்போதுதான் மாவுப் பக்கம் திரும்பினேன்.

2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டு. கடைத்தெருவில் எங்கே பார்த்தாலும் ராகி, கம்பு, தினை என்று படம் போட்ட பாக்கெட்டுகள். பார்க்க வந்த உறவினர் ஒருவர், எலும்பு கூடுவதற்கு நல்லது என்று ஒரு சத்துமாவு பாக்கெட்டின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார். அரைக்கிலோ 280 ரூபாய். காலுக்கு நல்லது என்றால் யோசிக்கத் தோன்றுமா? வாங்கினேன். இரண்டாவது பாக்கெட் தீர்ந்த பிறகுதான் தையலுக்குத் துணி கொடுக்க வந்த ஒரு நர்ஸ் பாப்பா பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "அக்கா, எது அதிகமோ அதைத்தான் முதல்ல போடுவாங்க. இதுல முதல்ல கோதுமை, ரெண்டாவது சர்க்கரை. ராகி அஞ்சாவது இடத்துல இருக்கு." எந்தப் பாக்கெட் உணவிலும் சேர்மானப் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாகத்தான் இருக்கும். முன்பக்கப் படத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தில் முதல் மூன்று பெயரைப் பாருங்கள். 560 ரூபாய் கொடுத்து நான் வாங்கியது பெரும்பகுதி கோதுமையும் சர்க்கரையும்.

அடுத்தது கம்பு மாவு. ஒரு கடையில் சில்லறையாக, கிலோ 55 ரூபாய் என்று மூன்று கிலோ கொடுத்தார்கள். நிறைய வாங்கினால் இரண்டு ரூபாய் குறைப்பார்களாம். முதல் நாள் ரொட்டி தட்டினேன், லேசாகக் கசந்தது. அடுத்த வாரம் வாயில் வைக்க முடியவில்லை. கடையில் கேட்டதற்கு, "கம்புன்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்று பதில். அப்படி இல்லை. கம்பில் எண்ணெய்ச்சத்து கூடுதல். அரைத்த உடனே அந்த எண்ணெய் கெட ஆரம்பித்துவிடும், ஒரு வாரம் பத்து நாளில் சிக்குவாடையும் கசப்பும் வந்துவிடும். கடையில் அரைத்து எத்தனை நாள் ஆனது என்று நமக்கு எப்படித் தெரியும்? கம்பை மாவாக வாங்கவே வாங்காதீர்கள். தானியமாக வாங்கி, ஒரு வாரத்துக்கு ஆகும் அளவு மட்டும் அரையுங்கள். அரைப்பதற்கு முன் வாணலியில் நன்றாகச் சூடேற வறுத்துக்கொண்டால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். ராகிக்கு இந்தத் தொல்லை குறைவு, அது தானியமாக வருஷக்கணக்கில் இருக்கும், மாவாகவும் ஒன்றிரண்டு மாதம் தாங்கும். இந்தப் பக்கத்து மக்கள் ராகியை நம்பி வாழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

சரி, தானியமாகவே வாங்குவோம் என்று ராகி ஐந்து கிலோ வாங்கி மில்லுக்கு எடுத்துப்போனேன். அங்கேயும் ஒரு பாடம். எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மில்காரர் ஒன்றும் சொல்லாமல் என் ராகியைக் கொட்டிவிட்டார். சின்னவள் கூழைக் குடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வர அழுதபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. முதலில் விழுந்த மாவு முழுக்கக் காரம். மில்லுக்குப் போனால், "முன்னாடி என்ன அரைச்சீங்கண்ணா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மிளகாய், மல்லிக்குத் தனி மெஷின் இருக்கிற மில்லாகப் பாருங்கள். கோதுமை அரைத்த பிறகு ராகி விடுவதில் தப்பில்லை. அரைக்கும் முன்னும் பின்னும் எடை போடச் சொல்லுங்கள். ஐந்து கிலோவுக்கு நூறு, இருநூறு கிராம் மெஷினில் தங்குவது சகஜம், அதற்கு மேல் குறைந்தால் மில்லை மாற்றிக்கொள்ளலாம். அரைத்து வந்த மாவு கொதிக்கக் கொதிக்க இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிவிடும். வேட்டியிலோ பேப்பரிலோ பரப்பி, முழுக்க ஆறிய பிறகுதான் அடைக்க வேண்டும். இப்படி சத்துமாவு, கம்பு மாவு, காரம் ஏறின ராகி, பிறகு சொல்லப்போகிற வண்டு விழுந்த கோதுமை மாவு எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் போயிருக்கும். மூவாயிரத்து ஐந்நூறில் சாப்பிட்ட வீட்டுக்கு அது பத்து நாள் சாப்பாடு.

மாவு கையில் இருந்தாலும் களி கிண்டத் தெரியவில்லை. நான் கிண்டியதெல்லாம் நடுவில் வெள்ளைவெள்ளையாகப் பச்சை மாவு நிற்கும். எதிர்வீட்டு அக்கா தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஏம்மா, பசை காய்ச்சுற மாதிரி காய்ச்சுறே" என்று உள்ளே வந்தார். அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன். ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி நொய்யைக் களைந்து போட்டு, நசுக்கினால் மசிகிற அளவு வேக விட்டார். ரேஷன் அரிசியில் உடைந்ததைச் சலித்து வைத்தாலே நொய் கிடைத்துவிடும். உப்புப் போட்டு, மாவை மொத்தமாக நடுவில் குவித்துக் கொட்டினார், கிளறவில்லை. துடுப்பின் காம்பால் அந்தக் குவியலில் அடி வரைக்கும் நான்கைந்து ஓட்டை போட்டார். கீழே கொதிக்கிற கஞ்சி அந்த ஓட்டை வழியாகப் பொங்கி மேலே வந்து மாவு மேல் வழிந்தது. தீயைக் குறைத்து மூடி வைத்து, நாங்கள் பேசிக்கொண்டே ஒரு பத்து நிமிடம் விட்டோம். வெள்ளையாக இருந்த மேல்மாவு கருத்த பிறகு பாத்திரத்தை இறக்கி, துணியால் இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்திக் கிண்டினார். மறுபடி இரண்டு நிமிடம் சிம்மில். விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டார், ஒட்டவில்லை. ஒட்டினால் வேகவில்லை என்று அர்த்தம். தட்டில் தண்ணீர் தடவி, கையை நனைத்து உருட்டியபோது வந்த அந்த உருண்டையின் பளபளப்பை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வேகாத களிதான் வயிற்றுவலிக்குக் காரணம். அதனால் இந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

சந்தோஷம் ஒரு பக்கம், மனசு ஒப்புக்கொள்ள நாளானது இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் களி என்றாலே ஜெயில் என்றுதான் பேச்சு. யாரையாவது திட்டும்போது "உன்னைக் களி தின்ன வைக்கிறேன்" என்பார்கள். வயலும் நெல்லுமாகப் பார்த்து வளர்ந்துவிட்டு, பிள்ளைகள் தட்டில் களியை வைக்கும்போது ஏதோ தோற்றுவிட்டது போல் இருக்கும். அம்மா போன் செய்து "சாப்டியாடி, என்ன கொழம்பு?" என்று கேட்டால் சாம்பார் என்று பொய் சொல்வேன். பெரியவன் இரண்டாம் வகுப்பு. "இன்னிக்கும் களியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பாதியில் எழுந்துபோன ஒரு ராத்திரி, அவனை அடித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். இந்த ஊரில் வசதியான வீடுகளில்கூட மத்தியானம் களியும் கீரைக் கடைசலும் ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்பதைப் போகப் போகப் பார்த்துத்தான் எனக்கு அந்த எண்ணம் போனது. பிள்ளைகளுக்குப் பழகும் வரை தினமும் களி வைக்காதீர்கள். அதே மாவில் ஒருநாள் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை, ஒருநாள் நாட்டுச் சர்க்கரை தூவிப் புட்டு, ஒருநாள் நான்கு பங்கு ராகி மாவுக்கு ஒரு பங்கு அரைத்த உளுந்து சேர்த்துப் புளிக்க வைத்துத் தோசை என்று மாற்றினால் முகம் சுளிக்க மாட்டார்கள். ராகி மாவுக்குக் கோதுமை மாதிரி இழுவை கிடையாது. அடைக்கு வெந்நீர் விட்டுப் பிசைந்தால்தான் விரிசல் விடாமல் வரும்.

இனி சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். மாவு வயிற்றை நிரப்பும், அதுவே முழுச் சாப்பாடாகாது. முதல் மாதம் நான் செலவை மட்டும் பார்த்தேன். களிக்குப் புளித்தண்ணியும் வெங்காயமும், கூழுக்கு ஊறுகாய். சின்னவளுக்கு நாலு வயது, அவளுக்கு மலம் கட்டி, கழிவறையில் உட்கார்ந்து கத்துவாள். பெரியவன் சோர்ந்து சோர்ந்து படுத்தான். ராகியில் கால்சியம் நிறைய. நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதே அளவு பசும்பாலில் சுமார் 120 தான். ஆனால் புரதம் நூறு கிராமுக்கு ஏழு கிராம் அளவுதான். வளர்கிற பிள்ளைக்கும், எலும்பு கூட வேண்டியவருக்கும் பருப்பு வகை கட்டாயம் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எதிர்வீட்டு அக்கா அதற்கு வைத்திருந்த வழி கொள்ளு. இந்த மாவட்டத்து மானாவாரி நிலத்தில் நன்றாக விளையும், நூறு கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். ராத்திரி ஊறப்போட்டு வேகவைத்து, தண்ணீரை வடித்து ரசம், பருப்பை மிளகாய் பூண்டோடு கடைந்தால் களிக்குக் கடைசல். ஒரே வேகலில் இரண்டு பதார்த்தம். காராமணி, மொச்சை, அவரைக்கொட்டை எது மலிவோ அதை மாற்றி மாற்றி வாங்கினேன். கீரைக்குக் காசே ஆகவில்லை. தெருக்கோடி முருங்கையும், அக்கா பறித்து வந்து கொடுத்த பண்ணைக்கீரையும் தொய்யக்கீரையும் போதுமானதாக இருந்தன. கடைசலில் எலுமிச்சை பிழிந்தால் கீரையிலும் ராகியிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். கூழோடு மோரும், அன்றாடம் நிறையத் தண்ணீரும் குடிக்க ஆரம்பித்த பிறகு சின்னவளின் தொல்லை நின்றது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இன்னொன்று. களி என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ராகியிலும் மாவுச்சத்துதான் அதிகம். உருண்டையைச் சின்னதாக்கி, கடைசலைக் கூட்ட வேண்டும்.

கோதுமையில் நான் மிச்சம் பிடித்த அளவு வேறு எதிலும் பிடிக்கவில்லை. ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமையும் வாங்கிக்கொள்ளலாம், அதற்கும் விலை இல்லை. இருப்பு இருக்கும் வரைதான், அதனால் மாத ஆரம்பத்திலேயே போய்விட வேண்டும். கடையில் பாக்கெட் கோதுமை மாவு கிலோ 58 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தவள் நான். ரேஷன் கோதுமையைப் புடைத்து, கல் பொறுக்கி, கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து அரைத்தால் கூலி கிலோவுக்கு எட்டு ரூபாய். ஐந்து கிலோவுக்கு 250 ரூபாய் மிச்சம். கழுவின கோதுமை பல்லில் வைத்துக் கடித்தால் 'டக்'கென்று உடைய வேண்டும், அந்த அளவுக்குக் காய வேண்டும். ஆடி மாதம் வானம் மூடியிருந்த ஒரு வாரத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை அரைத்துக் கொடுத்துவிட்டார் மில்காரர். மாவில் நூல் கட்டி, வண்டும் விழுந்து, கொட்ட வேண்டியதாகிவிட்டது. வெயில் இல்லாவிட்டால் கழுவாமல், ஈரத்துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் ஒருநாள் போட்டு அரைப்பது மேல். தவிட்டை முழுக்கச் சலித்துக் கொட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பிசைந்து அரைமணி நேரம் மூடி வைத்தால் தவிட்டோடும் சப்பாத்தி மெத்தென்றுதான் வரும்.

ஆனால் தினமும் சப்பாத்தி என்று போகாதீர்கள், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அப்போது சிலிண்டர் ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். நான்கு பேருக்குப் பன்னிரண்டு சப்பாத்தி சுட அரைமணிக்கும் மேலாகப் பெரிய தீ எரிகிறது, மேலே எண்ணெயும் போகிறது. களி ஒரே பாத்திரம், பாதி நேரம் சிம்மில், ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. கூழ் இன்னும் மேல். ராத்திரி மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, மறுநாள் சாயங்காலம் நொய்யோடு ஒரு தடவை காய்ச்சி மண்சட்டியில் ஊற்றி வைத்தால், அடுத்த நாள் காலையும் மத்தியானமும் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம், அடுப்பே வேண்டாம். நான் வாரத்தில் இரண்டு ராத்திரி மட்டும் சப்பாத்தி, மற்ற நாள் ஒரு வேளை களி அல்லது கூழ், ஒரு வேளை சோறு என்று வைத்த பிறகு சிலிண்டர் கூடுதலாகப் பத்துப் பன்னிரண்டு நாள் வந்தது.

மற்ற மாவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரேஷன் பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி அரைத்து, வாசம் வர வறுத்து வைத்துக்கொண்டால் புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை மூன்றும் வீட்டிலேயே ஆகும். கடலை மாவு விலை கூடுதல்தான், ஆனால் அரைக்கிலோ இருந்தால் ஒரு மாதம் கைகொடுக்கும். இரண்டு ஸ்பூன் மாவைத் தண்ணீரில் கரைத்து, வெங்காயம் பச்சைமிளகாய் வதக்கி அதில் ஊற்றிக் கொதிக்கவிட்டால் நான்கு பேர் தோசைக்குப் பாம்பே சட்னி தயார், தேங்காய் வேண்டாம், தக்காளி வேண்டாம். குழம்பு நீர்த்துப் போனால் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை மாவு. மைதா வாங்குவதை நான் அடியோடு நிறுத்திவிட்டேன். கிலோவுக்கு விலை கம்மி என்று பார்த்தால் கம்மிதான். மைதா தோசை சாப்பிட்ட பிள்ளைகள் இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்று வந்து நிற்பார்கள், அதைச் சுவையாக்க எண்ணெயும் ஏராளமாகச் செலவாகும். என்னைப் பொறுத்தவரை அதில் மிச்சம் எதுவும் இல்லை.

சத்துமாவை நானே அரைக்கத் தொடங்கினேன். ராகி இரண்டு பங்கு, கோதுமை ஒரு பங்கு, பாசிப்பயறு ஒரு பங்கு, பொட்டுக்கடலை அரைப் பங்கு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, வாசத்துக்கு நான்கு ஏலக்காய். ராகியை ஊறவைத்துத் துணியில் கட்டி, ஒன்றரை நாளில் முளை விட்டதும் காயவைத்து, எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து அரைத்தேன். முளை கட்டுவதாலும் புளிக்க வைப்பதாலும் ராகியில் உள்ள சத்து உடம்பில் எளிதாகச் சேரும். நிலக்கடலை அதிகமானால் எண்ணெய் விட்டு மெஷினில் அப்பிக்கொள்ளும், மில்காரர் வாங்கவே மாட்டார். அதனால் கைப்பிடிக்கு மேல் போடாதீர்கள், இல்லாவிட்டால் வீட்டிலேயே பொடித்துக் கலந்துகொள்ளுங்கள். கூலியும் சேர்த்து கிலோ எழுபது எண்பது ரூபாய்க்குள் முடிந்தது. நான் பாக்கெட்டில் வாங்கியது கிலோ 560. சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் உள்ள வீடு என்றால் அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள், கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். கடைசியில் எதிர்வீட்டு அக்காதான் சின்னவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு வந்தார். ஆகஸ்ட் 25-ஆம் தேதி காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தியபோது, பெரியவனுக்குக் காலைச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்தது. அந்த ஒரு வேளை குறைந்ததில் எனக்கு எவ்வளவு மூச்சு வந்தது என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் புரியும்.

செப்டம்பரிலிருந்து மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. கேட்ட விலைக்கு விற்ற தக்காளியும் அதே மாதம் விழுந்தது, பத்து ரூபாய்க்கு வாங்கித் தொக்கு செய்து களிக்கும் சப்பாத்திக்கும் வைத்துக்கொண்டோம். கணவர் பொங்கலுக்குப் பிறகுதான் வண்டியில் ஏறினார். தோடு இன்னும் அடகில்தான் இருந்தது, அடுத்த மாம்பழ சீசனில் நான் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய் மீட்டேன். காசு வர ஆரம்பித்த பிறகும் களியையும் கூழையும் நாங்கள் விடவில்லை, மளிகைச் செலவு பழைய ஒன்பதாயிரத்துக்குத் திரும்பவும் இல்லை.

ராகி வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே மானாவாரி ராகி அறுவடை கார்த்திகை, மார்கழியில் முடியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விவசாயிகளிடம் அரசு நேரடியாகக் கொள்முதல் செய்கிறது. 2023-24-இல் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 3,846 ரூபாய், அதாவது கிலோ 38 ரூபாய் 46 காசு. அந்தந்த வருஷத்து விலை தெரிந்திருந்தால் கடைக்காரர் சொல்கிற விலை நியாயமா என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நான் தை மாதத்தில் காட்டிநாயனப்பள்ளிப் பக்கத்தில் தெரிந்த விவசாயி வீட்டிலேயே இருபது கிலோ எடுத்துவிடுகிறேன், அந்த வருஷம் கிலோ நாற்பது ரூபாய். தர்மபுரியில் இருக்கிற நாத்தனாருக்கு ரேஷனிலேயே அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ ராகி கிடைக்கிறது. நீலகிரியிலும் தர்மபுரியிலும் 2023-இல் அதை ஆரம்பித்தார்கள். வாங்கி வந்ததும் முறத்தில் புடைத்து, தண்ணீரில் அரித்துக் கல்லை நீக்கி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, காய்ந்த வேப்பிலை போட்டு மூடி வைக்கிறேன். மாதம் நான்கு கிலோ மட்டும் எடுத்து அரைக்கிறேன். மழைக்காலத்தில் அதையும் இரண்டு இரண்டு கிலோவாகப் பிரித்துக்கொள்கிறேன்.